ஆண்டுக் கணக்கும் மணிக் கணக்கும்

சதுரங்க ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவர் அதில் முன்னேற எத்தனை காலம் வேண்டும்? காய்களைப் பலகையில் அடுக்கப் பழகிய எவரும் சில மாதங்களுள் கேட்டுவிடும் கேள்வி இது. மேலோட்டமாக நோக்கின் இது விளையாட்டுத்துறை சார்ந்த ஐயம். ஆயின் இதன் உள்ளே வேறொரு கேள்வி இருக்கிறது. ஒரு மனிதரை ‘மந்தம்’ என்றோ ‘இவருக்கு இது வராது’ என்றோ நாம் தீர்ப்பளிக்கும்போது எந்த அளவுகோலைக் கையாள்கிறோம்? அவ்வளவுகோல் நேர்மையானதா? ஒழுக்கவியலுக்குரிய இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

ஊவாவின் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் பயின்ற காலத்தில் அங்கு ஒரே ஒரு சதுரங்கப் பலகை இருந்தது. ஆண்டில் ஒரு தவணை மட்டும், போட்டிகள் நெருங்கும் வேளையில், அலுமாரியிலிருந்து அது வெளியே வரும். வெள்ளைக் காலாள்களில் இரண்டு தொலைந்துபோனமையால் அவ்விடங்களில் தேயிலைக் கொட்டைகளை வைத்து ஆடுவோம். எங்களோடு ஆடிய மாணவி ஒருத்தி இரண்டாவது ஆண்டிலும் வட்டாரப் போட்டியின் முதற் சுற்றிலேயே தோற்றாள். “ரெண்டு வருசமாச்சு, இன்னும் குதிரையைக் காப்பாத்தத் தெரியல்ல. இந்தப் பிள்ளைக்கு இது வராது” என்றார் பொறுப்பாயிருந்த ஆசிரியர். அவர் கொடியவர் அல்லர். மாலையில் எங்களுக்காகக் காத்திருந்து பேருந்தைத் தவறவிட்டவர். நானும் அன்று தலையசைத்தேன். அவளும் அதை ஏற்றுக்கொண்டாள் என்பதுதான் பின்னர் என்னை உறுத்தியது.

பல்கலைக்கழகம் வந்த பின்னர் ஒருநாள் அந்த ‘இரண்டு வருடத்தை’ எண்ணிப் பார்த்தேன். தவணைக்குப் பன்னிரண்டு கிழமை, கிழமைக்கு ஒருநாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம். இரண்டு ஆண்டும் சேர்ந்து இருபத்துநான்கு மணித்தியாலம். இரண்டு வருடம் என நாங்கள் சொன்னது உண்மையில் ஒரு பகலும் ஓர் இரவுமே. ஆடுவோர் எண்மர், பலகை ஒன்று என்பதையும் சேர்த்தால் அவள் தன் கையாற் காய் நகர்த்திய நேரம் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம். அதைக் கொண்டு ஒரு பிள்ளையின் அறிவை நாங்கள் அளந்துவிட்டோம்.

தேர்ச்சி என்பது யாது எனச் சிறிது நோக்குதல் வேண்டும். ஒல்லாந்து உளவியலாளர் அட்ரியான் டி குரூட் 1946ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சிறந்த ஆட்டக்காரர் ஏனையோரைவிட மிகப் பல நகர்வுகளை முன்கூட்டிக் கணிப்பதில்லை என்பதைக் காட்டினார். வேறுபாடு பார்வையில் இருந்தது. 1973இல் அமெரிக்காவில் வில்லியம் சேஸ், ஹேர்பர்ட் சைமன் ஆகிய இருவரும் இதனை மேலும் சோதித்தனர். உண்மையான ஆட்டமொன்றின் நிலையை ஐந்து விநாடி காட்டிப் பின் மறைத்தால், தேர்ந்தவர் பெரும்பாலான காய்களை மீள அடுக்கிவிடுவார். தொடக்கக்காரர் சிலவற்றையே அடுக்குவார். அதே காய்களை ஒழுங்கின்றிச் சிதறி வைத்துக் காட்டினாலோ தேர்ந்தவரின் மேன்மை ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. ஆகவே தேர்ந்தவரிடம் இருப்பது பொதுவான நினைவாற்றல் அன்று. பன்முறை கண்டு பழகிய கோலங்களின் களஞ்சியம். அக்கோலங்கள் பத்தாயிரத்துக்கும் ஒரு இலட்சத்துக்கும் இடைப்பட்டவை என்று அக்காலத்தில் மதிப்பிட்டனர்.

இதனைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தவர்கள் உலக வீரர்கள் அல்லர். நமுனுகுலைச் சரிவிற் கொழுந்து பறிக்கும் பெண்கள். வாத்தின் மேற்பரப்பைக் கண்ட மாத்திரத்தில் எது இரண்டு இலையும் ஒரு மொட்டும், எது வளர்ச்சி நின்ற முனை, எது அடுத்த சுற்றுக்கு விடவேண்டியது எனக் கண் பிரித்துவிடுகிறது. கண் பிரித்ததை இரு கைகளும் ஒரே வேளையிற் கிள்ளுகின்றன. எண்ணிப் பார்த்துச் செய்யும் காரியம் அன்று இது. சதுரங்க வல்லுநரின் பார்வை எவ்வாறு உருவாயிற்றோ அவ்வாறே, பல்லாயிரம் முறை கண்டு, பிழைத்து, திருத்தப்பட்டு உருவான பார்வை. ஆயினும் முன்னதற்கு ஆய்வேடுகள் உள்ளன. பின்னதைப் பொதுவழக்கிற் ‘பயிற்சி தேவைப்படாத உழைப்பு’ என்கிறோம். மலைநாட்டுப் பெண்ணொருத்திக்குத் தேர்ச்சியடையும் ஆற்றல் உண்டா என ஐயுறுவோர் பிரட்டுக்களத்திலிருந்து மலையேறி ஒருமுறை பார்த்து வரலாம்.

இனி, காலக் கணக்குக்கு வருவோம். கிராண்ட் மாஸ்டர் நிலையை எவரும் ஏறத்தாழப் பத்தாண்டு தீவிர ஈடுபாடின்றி அடைந்ததில்லை என்று 1973இல் சைமனும் சேஸும் எழுதினர். 1993இல் அண்டர்ஸ் எரிக்சன் முதலியோர் பேர்லினில் வயலின் மாணவரை ஆராய்ந்தனர். அவர்களுட் சிறந்தோர் இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணித்தியாலம் தனியே பயின்றிருந்தனர் என்றது அவ்வாய்வு; அச்சராசரி பின்னர் மக்கள் வாயில் ஒரு விதியாகவே மாறிவிட்டது. பெர்னாண்ட் கோபே, கியேர்மோ காம்பிடெல்லி ஆகியோர் 2007இல் ஆர்ஜென்டீனச் சதுரங்க வீரரைப் பற்றி வெளியிட்ட ஆய்வு அந்த விதியைக் கலைத்தது. மாஸ்டர் தரத்தை எட்ட ஒருவருக்கு மூவாயிரம் மணித்தியாலமளவே தேவைப்பட்டது. இன்னொருவருக்கு இருபத்துமூவாயிரத்துக்கு மேல். இருபதினாயிரத்தைக் கடந்தும் எட்டாதவரும் இருந்தனர்.

எனவே மணிக் கணக்கை வைத்தால் மாந்தர் யாவரும் சமமாகிவிடுவர் என நான் வாதிடவில்லை. வாதிட்டால் அது பொய்யாகும். எட்டு மடங்கு வேறுபாட்டைப் பயிற்சி ஒன்றாலேயே விளக்க இயலாது. தொடங்கிய வயது, ஆசான், உடல்நலம், இயல்பான ஆற்றல் என யாவும் அங்கே கலந்திருக்கும். ஆனால் அவ்வாய்வு மற்றொன்றையும் உணர்த்துகிறது. மூவாயிரத்துக்குரியவர் யார், இருபத்துமூவாயிரத்துக்குரியவர் யார் என்பது மணிகள் செலவழிந்த பிறகே தெரிந்தது. இருபத்துநாலாம் மணியில் நின்றுகொண்டு இருவரையும் பிரித்தறிய எவராலும் முடிந்திருக்காது. ஆசிரியரும் நானும் செய்தது அதனைத்தான்.

அத்தோடு, எல்லா மணியும் ஒரே மணி அன்று. நீல் சார்னெஸ் முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, தரப்புள்ளியோடு மிக நெருங்கிய தொடர்புடையது போட்டிகளில் ஆடிய நேரம் அன்று. தனித்திருந்து ஆட்டங்களை ஆராய்ந்த நேரம். தோற்ற ஆட்டத்தைக் குறித்துவைத்து, மறுநாள் பலகையில் மீள அடுக்கி, எந்த நகர்விற் பிழைத்தோம் எனத் தேடும் நேரம் அது. இன்று லயங்களிலும் கைப்பேசி உண்டு. காசில்லாமற் சதுரங்கம் ஆடலாம். அலைவரிசை கிட்டும் மேட்டிற் குந்தியிருந்து மூன்று நிமிட ஆட்டங்களை நூற்றுக்கணக்கில் ஆடும் தம்பிமாரை எனக்குத் தெரியும். அவர்கள் ஓராண்டுக்கு முன் செய்த பிழையையே இன்றும் செய்கிறார்கள், முன்னையிலும் விரைவாக. கைப்பேசி ஆட்டத்தைக் கொடுத்தது. தோல்வியின் அருகே அமர்ந்திருக்கும் அமைதியைக் கொடுக்கவில்லை.

அந்த அமைதி யாரிடம் இருக்கிறது? 2024 டிசம்பரில், தமது பதினெட்டாம் வயதில் உலகச் சம்பியனான சென்னையைச் சேர்ந்த குகேஷ், ஏழு வயதளவில் ஆட்டம் கற்று, 2019 ஜனவரியில் பன்னிரண்டு வயதிலேயே கிராண்ட் மாஸ்டர் ஆனவர். ஐந்தாறு ஆண்டு! வியப்புக்குரியதே. ஆயின் நான்காம் வகுப்போடு அவர் வழமையான பாடசாலைப் படிப்பை விட்டதையும், மருத்துவரான தந்தையார் தம் பணியை ஒதுக்கிவைத்து மகனோடு ஊரூராகச் சென்றதையும் சேர்த்தே அந்த ஐந்தாண்டை எண்ணவேண்டும். விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதிற் கற்பித்தவர் அவருடைய தாயார். சென்னையில் சோவியத் பண்பாட்டு நிலையத்தில் மானுவேல் ஆரன் 1972இல் தொடங்கிய தால் சதுரங்கக் கழகம் அச்சிறுவனுக்குக் கிட்டியது. மணிலாவில் வாழ்ந்தபோது, மகன் பாடசாலையில் இருக்கும் வேளை தொலைக்காட்சியில் வந்த சதுரங்கப் புதிர்களைத் தாயார் குறித்துவைப்பாராம். 1988இல் இந்தியாவின் முதலாவது கிராண்ட் மாஸ்டர் உருவானபோது பன்னிரண்டு ஆண்டு ஆயிற்று என்கிறோம். அப்பன்னிரண்டாண்டினுள் இன்னொருவரின் நண்பகல்களும் அடங்கியிருந்தன. இதனாற் குகேஷின் பெருமையோ ஆனந்தின் பெருமையோ குறைவதில்லை. அவர்கள் தமக்குக் கிட்டிய மணிகளை வீணாக்கவில்லை. எல்லோராலும் அவ்வாறு இயலாது.

தன் நேரம் தன்னுடையதாக இல்லாத மேதையின் வரலாறும் உண்டு. பஞ்சாப்பைச் சேர்ந்த மீர் சுல்தான் கான், காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும் இந்திய முறை ஆட்டத்திற் பயின்றவர். நிலக்கிழார் உமர் ஹயாத் கானின் பரிவாரத்தில் ஒருவராக 1929இல் இலண்டன் சென்று, அவ்வாண்டே பிரித்தானியச் சம்பியனானார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அப்பட்டத்தை வென்றார். 1930–31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலகச் சம்பியன் கபப்ளாங்காவைத் தோற்கடித்தார். அவரை ஏவலாளர் என்பதா, ஆதரவு பெற்ற கலைஞர் என்பதா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. வெறும் ஏவலாளர் என்னும் சித்திரத்தை அவர் வழித்தோன்றல்கள் மறுக்கின்றனர். எப்பெயராற் சுட்டினும், நிலக்கிழார் நாடு திரும்பியபோது அவருடைய ஐரோப்பிய ஆட்டவாழ்வும் முடிந்தது. ஐந்தாண்டும் நிறையவில்லை. ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்து 1966இல் மறைந்தார். உலகச் சதுரங்கச் சம்மேளனம் அவருக்கு மதிப்புநிலை கிராண்ட் மாஸ்டர் பட்டம் வழங்கியது 2024இல். இவர் தேர்ச்சிபெற எத்தனை ஆண்டு என்று கேட்பதா, தேர்ச்சிபெற்ற பின் எத்தனை ஆண்டு ஆடவிட்டார்கள் என்று கேட்பதா?

எம் மாணவியின் நாளையும் எழுதிப் பார்க்கலாம். தாய் விடியலில் மலைக்குப் போய்விடுவார். பிள்ளைக் காம்பராவிலிருந்து தம்பியை அழைத்துவருதல், பீலியில் தண்ணீர் பிடித்தல், விறகு பொறுக்குதல், தாய் மடுவத்திற் கொழுந்து நிறுத்துவிட்டு வருவதற்குள் ரொட்டி சுடுதல் ஆகியன அவளுக்குரியவை. பின்னர் சாதாரண தரப் பாடங்கள். கிழமைக்கு மூன்று மணித்தியாலம் அவளால் ஒதுக்க முடிந்திருந்தால், ஆர்ஜென்டீனாவின் அந்த மிக விரைவான வீரருக்குத் தேவைப்பட்ட மூவாயிரத்தை அவள் எட்டப் பத்தொன்பது ஆண்டு செல்லும். நாளுக்கு நான்கு மணித்தியாலம் உடைய பிள்ளைக்கு அது இரண்டே ஆண்டு. இருவரும் ஒரே ஆற்றலுடையவராயிருப்பினும் ஒருவரை மேதை என்போம். மற்றவரைப் பற்றி, முப்பது வயதாகிறது, இன்னும் என்ன விளையாட்டு என்போம்.

இதனைப் பேசியபோது நண்பர் ஒருவர் சினந்தார். சம்பளம், காணி, வீடு என்று எத்தனையோ தீராதிருக்க, தோட்டத்துப் பிள்ளைக்குச் சதுரங்கம் ஒரு குறையா என்பது அவர் வினா. நியாயமான வினா, அவசரமாக விடையிறுக்கலாகாது. சதுரங்கம் இன்றி எவரும் பட்டினி கிடப்பதில்லை. ஆயினும் மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில், மனிதன் தன் ஆற்றலைத் தன்பொருட்டே வளர்க்கும் நிலைக்கு அடிப்படைத் தேவையாகக் கூறியது வேலைநாள் குறைதலையே அன்றோ. பள்ளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் கிரேக்க மூலம் ஓய்வு என்னும் பொருளுடையது. சம்பளமும் வீடும் எதற்காக வேண்டப்படுகின்றனவோ, அவற்றுள் ஒன்று பயனற்றதெனக் கருதப்படும் ஒரு மணித்தியாலம். நண்பர் இதனை ஏற்கவில்லை. ‘முதலில் வீடு’ என்றார். அவர் வீட்டிற் பலகை இருந்தது என்பதை நான் சொல்லிக்காட்டவில்லை.

அம்மாணவி இப்போது கட்டுநாயக்கவில் தைத்த ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்கிறாள். சென்ற தீபாவளிக்கு லயத்துக்கு வந்திருந்தாள். என் கணக்கை அவளிடம் காட்டினேன். நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்தாள், பிறகு “பலகை இருக்கா?” என்று மட்டும் கேட்டாள். மூன்று மாலை, மாலைக்கொரு மணித்தியாலம் ஆடினோம். நகர்வுகளை எழுதிவைத்து, தோற்ற இடத்தை மறுநாள் பார்த்த பின்னரே அடுத்த ஆட்டம். மூன்றாம் மாலை என் குதிரை மீளவழியின்றி நிற்பதை எனக்கு முன்னர் அவள் கண்டு, காலாள் ஒன்றைச் சத்தமின்றி ஒரு கட்டம் நகர்த்தினாள். அவள் கணக்கில் அது இருபத்தேழாவது மணித்தியாலம். மறுநாட் காலை பதுளைக்குப் பேருந்து ஏறினாள்.