கிழிக்கக் கூடிய காலத்தில்

ஒரு காரியத்தை முற்ற முடித்து, அதற்கு மெருகும் பூசி, நாலு பேர் முன்னிலையில் வைத்து, 'எப்படி இருக்கிறது?' என்று கேட்கிறவர் உண்மையில் அபிப்பிராயத்தைக் கேட்கிறாரா, பாராட்டைக் கேட்கிறாரா என்ற சந்தேகம் எனக்கு வெகுகாலமாக உண்டு. கிரகப்பிரவேசத்துக்குப் போகிறோம், அடுக்களையில் புகை போக வழியில்லை என்பதும், மாடிப்படியின் முதல் படி மற்றவற்றைவிட உயரம் என்பதும் உள்ளே நுழைந்த மாத்திரத்திலேயே கண்ணில் படுகின்றன, ஆயினும் பாயசத்தை அருந்திவிட்டு, 'பிரமாதமாய் அமைந்திருக்கிறது' என்று சொல்லி விடைபெற்று வந்துவிடுகிறோம். சுவர் எழும்பிவிட்ட பிறகு சொல்லப்படும் மெய்யால் வீட்டுக்காரருக்கு மனக்கிலேசத்தைத் தவிர வேறு பிரயோஜனம் இல்லை என்பதை உணர்ந்து நடக்கும் உலக வழக்கம் அது. அப்படியானால் மெய்யைச் சொல்லவும் கேட்கவும் உரிய காலம் எது?

குற்றாலத்தில் சாரல் கட்டிய நாட்களில் தென்காசியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் தம்பி மகள், இந்தக் கேள்விக்கு ஒரு விடையைத் தன் பையிலேயே கொண்டுவந்திருந்தாள். சிறிய வானொலி நிலையம் ஒன்றின் பாட்டுச் சேகரத்தை அறிவிப்பாளர்கள் கணிப்பொறியில் தேடி எடுப்பதற்கு ஏற்ற ஒரு திரையை அமைத்துக் கொடுக்கும் பொறுப்பு அவளுக்கு வாய்த்திருந்தது. கணிப்பொறி வரும் என்று எதிர்பார்த்த எங்கள் முற்றத்தில் வந்து இறங்கியவை வெள்ளைத் தாள்களும், சார்ட் அட்டைகளும், ஒரு கத்தரிக்கோலும், ஒரு பசை டப்பாவுமே. திரை முழுவதையும் அவள் பென்சிலால் வரைந்திருந்தாள். தேடும் சொல்லை எழுதுவதற்கு ஒரு துண்டுச் சீட்டு. பாட்டுகளின் வரிசைக்கு இன்னொரு நீளத் துண்டு. விரல் பட்டால் திரை மாறவேண்டும் அல்லவா? அதை மாற்றும் யந்திரம், கூட வந்திருந்த அவளுடைய தோழி. விரல் பட்ட இடத்துக்கு உரிய தாளை எடுத்து மேலே வைப்பதே அந்தப் பெண்ணின் வேலை. வாய் திறக்கக் கூடாது.

பரீட்சைக்கு உட்படுத்தப்பட்டவர், வானொலியில் நெடுங்காலம் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் தெருக்காரர். நான் அவரை அண்ணாச்சி என்று அழைப்பேன்.

"தாத்தா, இதைக் கம்ப்யூட்டர்னு நினைச்சுக்கிடுங்க. நான் சொல்ற பாட்டைத் தேடி எடுக்கணும், அவ்வளவுதான். எப்படி எடுக்கணும்னு மட்டும் சொல்லமாட்டேன்."

"சொல்லாட்டி எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அதைத்தான் தாத்தா பார்க்கப் போறோம். பரீட்சை உங்களுக்கு இல்ல, இந்தத் தாளுக்கு."

இதிலே அப்படி என்ன சிரமம் இருந்துவிடப் போகிறது என்று கேட்பவர், ஒரு வானொலி நிலையத்தின் இசைத்தட்டு அறையை எட்டிப் பார்த்திராதவராகவே இருக்கவேண்டும். நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற பழைய தட்டு, ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல் பாட்டைத் தாங்கியது. அலமாரியில் ஓர் இடத்தில்தான் அது இருக்க முடியும். தேடி வருகிறவரோ படத்தின் பெயரை நினைத்து வருவார், பாடியவரை நினைத்து வருவார், ராகத்தை நினைத்து வருவார். ஆகவே ஒரே தட்டுக்குப் பல அட்டைகள் எழுதி, ஒவ்வோர் அட்டையையும் ஒவ்வொரு பெட்டியில் அகர வரிசையாக அடுக்கவேண்டியிருந்தது. நூலகக் கலைக்கு ஐந்து விதிகளை 1931இல் வகுத்துத் தந்த சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பதை நான்காவது விதியாக வைத்தார். புத்தகசாலையில் காத்திருப்பவர் கொட்டாவி விட்டுக்கொண்டாவது காத்திருப்பார். ஸ்டுடியோவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்க, பேச வந்தவர் தம் உரையை இரண்டு நிமிஷம் முன்னதாகவே முடித்துவிட்டால், அந்த இரண்டு நிமிஷத்து மௌனமும் கேட்டுக்கொண்டிருக்கும் வீடுதோறும் போய் விழும். நான்காவது விதியின் முழுக் கடுமையையும் அறிந்தவர்கள் அறிவிப்பாளர்களே.

முதல் வரியைக் கொண்டு தேடலாம் என்றால், எது முதல் வரி? திரைப்படப் பாட்டுப் பலவற்றில் பல்லவிக்கு முன்னே தொகையறா வரும். கேட்பவர் நெஞ்சில் தங்குவது பல்லவி. அட்டை எழுதியவர் காதில் முதலில் விழுந்ததோ தொகையறா. பாடியவர் பெயரைக் கொண்டு தேடலாம் என்றால், டி.எம்.சௌந்தரராஜனை 'டி'யில் வைப்பதா, 'சௌ'வில் வைப்பதா? சிலர் 'டி.எம்.எஸ்.' என்று மட்டுமே எழுதுவார்கள். வகையைக் கொண்டு தேடலாம் என்றால் சங்கடம் இன்னும் பெரிது. தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கிய பீர் முகம்மது அப்பாவின் ஞானப் பாடல்களைப் பக்தி என்பதா, சித்தர் பாடலோடு சேர்ப்பதா? சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்து அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல் பாடிய காவடிச்சிந்து, கச்சேரி மேடையிலும் பாடப்படுகிறது, காவடி தூக்குகிறவர் நாவிலும் வருகிறது. அது கர்நாடக இசையா, நாட்டுப்புற இசையா, பக்தி இசையா?

என் தம்பி மகள் தன் தாளில் ஐந்து கட்டங்கள் வரைந்திருந்தாள்: திரையிசை, கர்நாடக இசை, பக்தி இசை, நாட்டுப்புற இசை, வாத்திய இசை. அவள் கேட்ட முதல் பாட்டு, 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகி பாட, அந்தக் குரலோடு குரலாகக் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் இழைந்து வருமே, அந்த ஆபேரி. அண்ணாச்சி ஒரு க்ஷணமும் தயங்கவில்லை. வாத்திய இசையின் மேல் விரலை வைத்தார். தோழி அடுத்த தாளை எடுத்து வைத்தாள்: வீணை, வயலின், புல்லாங்குழல், நாகஸ்வரம். நாகஸ்வரத்தைத் தொட்டார். மேலே வந்த துண்டுச் சீட்டில் அவர் தேடிய பாட்டு இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் மேலிருந்து கீழாகப் படித்தார். என் தம்பி மகளின் உதடு திறந்து மூடியது. கையிலிருந்த பென்சிலின் முனை, எழுதிக்கொண்டிருந்த நோட்டுப் புத்தகத்திலேயே அழுந்தி ஒடிந்தது. 'திரையிசையில் பாருங்கள்' என்ற ஒரு சொல்லைச் சொல்லாமல் இருப்பதற்கு அந்தப் பெண் பட்ட பாட்டைக் கண்டபோது, தான் ஆக்கிய ஒன்றைப் பிறர் தவறாகப் புரிந்துகொள்ளும்போது குறுக்கே பேசாமல் இருப்பதே தபசுகளில் கடினமானது என்று எனக்குத் தோன்றியது.

கடைசியில் அண்ணாச்சியே கையை விரித்தார். "காருகுறிச்சியார் நம்ம ஜில்லாக்காரரு. அந்தப் பாட்டை நான் படத்துக்காகவா தேடுவேன்?" என்றார். பிறகு யாரும் கேட்காமலே பென்சிலை வாங்கி, தாளின் வலது ஓரத்தில் ஒரு கட்டம் வரைந்து, அதில் 'நேரம்' என்று எழுதினார். "எனக்கு முதல்ல வேண்டியது இது. ரெண்டு நிமிஷத்துக்கு என்ன இருக்கு, மூணு நிமிஷத்துக்கு என்ன இருக்கு? பேரெல்லாம் அப்புறம்."

இங்கேதான் காகிதத்தின் மகத்துவத்தை நான் கண்டது. இதே மனிதர், வங்கியில் பளபளக்கும் கண்ணாடித் திரையின் முன் நிற்கும்போது, 'எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை தம்பி' என்று தம்மைத் தாமே தாழ்த்திக்கொண்டு ஒதுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். நன்றாக முடிந்த பொருளின் முன்னே குறை தம்முடையது என்று எண்ணுகிற மனிதர், பென்சில் கோடும் பசைக் கறையும் தெரியும் தாளின் முன்னே குறை தாளினுடையது என்று தயக்கமின்றிச் சொல்கிறார். சொல்வதோடு நில்லாமல் திருத்தவும் துணிகிறார். அழித்து எழுதலாம் என்பது கண்ணுக்குத் தெரிகிறதல்லவா?

இந்த உபாயம் புதிதன்று. 1980களின் முற்பகுதியில் ஸ்காண்டிநேவிய தேசங்களில், பத்திரிகை அச்சுத் தொழிலாளர்களோடு சேர்ந்து, அவர்கள் கைக்கு வரப்போகும் கணிப்பொறிகளை வகுக்க முயன்ற 'உடோப்பியா' என்ற திட்டத்தினர், ஒட்டுப்பலகையாலும் அட்டைப் பெட்டிகளாலும் பொய் யந்திரங்களைச் செய்து வைத்து, அவற்றின் முன்னே தொழிலாளர்களை வேலை செய்யச் சொன்னார்கள். ஒரு வெறும் அட்டைப் பெட்டிதான் அங்கே லேசர் அச்சு யந்திரம். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்பது பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் பரப்பிய கணக்கு. அண்ணாச்சியைப் போன்றவராயிருந்தால் ஒருவரே போதும் என்பேன். ஆனால் இது விஞ்ஞானமாகாது.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் வானொலியிலேயே திருஷ்டாந்தம் இருக்கிறது. 1952இல் மத்திய அரசின் செய்தி ஒலிபரப்பு மந்திரியான பி.வி.கேஸ்கர், ஜனங்களின் ரசனையை உயர்த்தவேண்டும் என்ற சிரேஷ்டமான நோக்கத்தோடு, அகில இந்திய வானொலியில் திரைப்படப் பாட்டின் இடத்தைக் குறுக்கினார். நேயர்கள் விவாதம் செய்யவில்லை, விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கவும் இல்லை. குமிழைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். திருநெல்வேலிக்கென்று ஒரு நிலையம் 1963இல்தான் ஏற்பட்டது. எங்கள் தென்கோடி ஜில்லாவில் கொழும்பின் தமிழ் ஒலிபரப்புத் துல்லியமாகக் கேட்கும். அங்கே அறிவிப்பாளராக இருந்த மயில்வாகனத்தின் குரலைத் தெரியாத டீக்கடை இங்கே இருந்திருக்க முடியாது. விவித பாரதி 1957 அக்டோபரில் பிறந்ததற்கு இந்தக் குமிழ் திருகலே காரணம். கர்நாடக சங்கீதத்தில் பிரியமுள்ளவன் என்ற முறையில் கேஸ்கரின் நோக்கத்தை நான் பழிக்கமாட்டேன். ஆனால் கேட்பவர் மனோபாவத்தைக் கேளாமல் வகுத்த சட்டத்துக்கு, கேட்பவர் தரும் தீர்ப்பு அவ்வளவு மௌனமாகவும் அவ்வளவு பூரணமாகவும் இருக்கும்.

எல்லாவற்றையும் தாளில் செய்து பார்த்துவிட முடியாது என்பதும் உண்மை. கோயிலைக் காகிதத்தில் கட்டிச் சோதிப்பது எப்படி? 1446இல் தென்காசி விசுவநாதர் ஆலயத்தைத் தொடங்கிக் கட்டிய பராக்கிரம பாண்டியன், இந்தச் சங்கடத்துக்குக் கண்ட பரிகாரம் எனக்கு என்றும் ஆச்சரியம் தருவது. அங்குள்ள கல்வெட்டுச் செய்யுள் ஒன்றில், இந்த ஆலயத்தில் பின்னொரு காலத்தில் ஏதேனும் குற்றம் வருமாயின், அதை நீக்கிக் காப்பவர் யாராக இருந்தாலும், உலகறிய அவர்களை இப்போதே பணிகிறேன் என்று அந்த அரசன் பொறித்து வைத்திருக்கிறான். கட்டியவன் அரசன்; திருத்த வருகிறவன் எவனோ, எந்தக் குலத்தவனோ, எந்த நூற்றாண்டினனோ; அவன் பிறக்குமுன்பே அவன் காலில் விழுந்துவிடுகிறான்! கல்லை அழித்து எழுத முடியாத இடத்தில், தன் அகங்காரத்தையாவது அழித்துவிடலாம் என்று எண்ணினான் போலும். சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்ற ராஜகோபுரம் 1990இல் ஒன்பது நிலைகளோடு மறுபடி எழுந்தபோது, அந்தப் பணிவைப் பெற்றுக்கொள்ளவும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

நாமோ பத்திரம் பதிவான பிறகு தமையனிடம் யோசனை கேட்கிறோம். பத்திரிகை அச்சாகி வந்த பிறகு சம்பந்தத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்கிறோம். ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு வந்து மனைவியிடம் 'என்ன செய்யலாம்?' என்கிறோம். பென்சிலில் இருக்கும்போது காட்டினால் நம்மை அற்பமாக நினைப்பார்களோ என்ற அச்சந்தான் காரணம். மையில் ஏறிய பிறகோ, குறை சொன்னவர்தான் விரோதி.

இருந்தாலும் பயன்படுத்துகிறவர் சொல்லே வேதம் என்று கொள்ளவும் எனக்குச் சம்மதம் இல்லை. குற்றாலத்தில் வாழ்ந்து, ராஜாஜியையும் கல்கியையும் அங்கே இழுத்துக்கொண்டிருந்த ரசிகமணி டி.கே.சி.யைவிடக் கேட்பவன் செவிக்கு அதிக மதிப்புக் கொடுத்தவர் நம் காலத்தில் இல்லை. ஒரு செய்யுளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டி, எதிரே இருப்பவருக்கு அது சுவைப்பதைக் கண்டால்தான் அவருக்குத் திருப்தி. அந்த நம்பிக்கையிலேயே, தம் செவிக்கு ஒவ்வாத கம்பன் செய்யுட்களைக் கம்பனுடையவை அல்ல என்று தள்ளவும், சிலவற்றின் சொற்களைத் திருத்தவும் துணிந்தார், வித்துவான்கள் வெகுண்டெழுந்தார்கள். ரசனையில் நான் டி.கே.சி.யின் பக்கம், இந்த வழக்கில் வித்துவான்களின் பக்கம். செவி சொல்வதைக் கேட்கவேண்டும். ஏட்டையே அதனிடம் ஒப்படைத்துவிடக் கூடாது. அண்ணாச்சி கேட்டதை எல்லாம் வரைந்தால் ஐந்து கட்டத்துக்குப் பதில் ஐம்பது கட்டம் வந்துவிடும் என்பதை என் தம்பி மகளும் அறிவாள். பிரமுகர் மறைந்த நாளில் ஒலிபரப்பத் தகுந்தவை என்று ஒரு தனிக் கட்டம் அவர் கேட்டார். அத்தகைய நாளில் நிலையத்தில் ஏற்படும் பரபரப்பை அவர் விவரித்ததும், அதை அவள் உடனே வரைந்தாள். தமக்குப் பிடித்தவை என்று இன்னொரு கட்டம் கேட்டார். அதற்குச் சிரித்துவிட்டு விட்டாள்.

காவடிச்சிந்தில்தான் வழக்குத் தீரவில்லை. அவள் அதை நாட்டுப்புற இசையிலும் பக்தி இசையிலுமாக இரண்டு சீட்டில் எழுதி ஒட்டினாள். அண்ணாச்சி இரண்டையும் பார்த்துவிட்டு, "ரெண்டு இடத்துல இருந்தா, மொத்தம் எத்தனை சிந்து நம்மகிட்ட இருக்குன்னு எண்ணுறவன் ரெட்டையாய்ல்லா எண்ணுவான்?" என்றார். அதற்கு அவளிடம் பதில் இல்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மறுநாளைக்கு என்று இன்னொரு தாளை எடுத்து வெட்டத் தொடங்கினாள். அண்ணாச்சியோ, "நாளைக்கு நம்ம பஜனை மடத்துக்காரரையும் கூட்டிட்டு வாரேன், அவரு கர்நாடகம்னு சொல்லுவாரு" என்று எழுந்தார்.