அங்கிக்குள் யார்?

விடியுமுன் திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் செல்லும் சாலையில், நூற்பாலை வண்டிகளுக்காக இளம்பெண்கள் காத்து நிற்பதைக் காணலாம். ஆலைக்குள் அவர்கள் சுடிதாருக்கு மேலே ஓர் அங்கியை மாட்டிக்கொள்கின்றனர். பாதுகாப்பு உடையாம்! நம்மிடம் பயின்ற பெண்ணொருத்தி அதனை அணிந்து காட்டினாள். தோள் தையல் முழங்கைப் பக்கம் சரிந்தது. சட்டைக்கை விரல்களை விழுங்கியது. மும்முறை மடித்துவிட்டுச் சிரித்தாள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழலும் கதிர்களின் முன்னே அந்த மடிப்புப் பிரிந்தால்? முகத்தோடு பொருந்தாத முகமூடியோ, பஞ்சுத்தூசிக்கு வழிவிடும் இடுக்கு.

“எல்லோருக்கும் ஒரே அளவு” என்றனராம் ஆலையார். ஆகா, எத்தகைய சமத்துவம்! அந்த ‘எல்லோரும்’ என்ற சொல்லுக்குள் இருக்கும் உடல் யாருடையது, தோழர்களே?

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22ஆம் பிரிவைப் படித்தோர் வியப்படையார். ஓடும் எந்திரத்தைச் சோதிக்கும் பயிற்சி பெற்ற ஆண் தொழிலாளிக்கு, உடலோடு ஒட்டிய உடையை ஆலையுடையார் வழங்கவேண்டும் என்றது அது. பெண்ணுக்கு? ஓடும் எந்திரத்தைத் துடைக்காதே, எண்ணெய் இடாதே! ஆணுக்கு உடை, பெண்ணுக்குத் தடை. எல்லா வேலைக்கும் பெண் உரியவள் என்று 2020ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு எழுதிற்று. கதவு திறந்தது, ஆணியில் தொங்கும் அங்கி மட்டும் அப்படியே இருக்கிறது.

விண்வெளியிலும் இதே கதைதான். 2019 மார்ச்சில் இரு பெண்கள் இணைந்து விண்நடை செல்லவிருந்தனர். இருவருக்கும் வேண்டிய நடுத்தர அளவு மேலுடை ஒன்றே ஆயத்தமாக இருந்ததால், ஒருவருக்குப் பதில் ஆண் வீரர் சென்றார். இரு பெண்களின் விண்நடைக்கு அக்டோபர் வரை காத்திருக்க நேர்ந்தது.

“கூந்தலைக் கத்தரியுங்கள், ஆண்களைப்போல் உடுத்துங்கள் என்றாரே பெரியார்! ஆணின் அங்கி நம் கொள்கைக்கு வெற்றிதானே?” என்று கேட்டார் நண்பர் ஒருவர். சற்றுத் தயங்கத்தான் செய்தோம். ஆனால் பெரியார் வேண்டியது, கையும் காலும் தடையின்றி இயங்கும் பெண்ணை. வேறொருவன் தோளுக்கு வெட்டிய துணி, சேலைத் தலைப்பைப்போலவே எந்திரத்தில் சிக்குமே! நம் ஊர்த் தையற்காரர் பள்ளிப் பிள்ளையின் சீருடைக்குக்கூட நாடா வைத்துத் தோளளந்தே வெட்டுகிறார். அந்த நாடா ஆலை வாயிலுக்குள் நுழைய என்ன தடை? செலவா? சட்டைக்கையில் அரைச் சாண் துணி மிச்சமாகுமே!

அந்தப் பெண் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிறன்று தன் அங்கியின் கைகளைத் தானே வெட்டித் தைத்துக்கொண்டாள். ஆலைப் பொருளைச் சிதைத்தாள் என்று ஒரு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டனர்.