சான்ரா அனிற்றாவின் இலாயங்கள்

மனிதனுக்கு இழைக்கப்படும் கொடுமையைக் குறிக்க 'விலங்கைப்போல் நடத்தினர்' என்று கூறுதல் உலக வழக்கு. விலங்கை அவ்வாறு நடத்துதல் தகும் என்னும் எண்ணம் அத்தொடரினுள் வினாவின்றி அடங்கியிருத்தலைக் கவனிப்போர் சிலரே. கலிபோர்னியாவில் ஆர்க்கேடியா என்னும் நகரிலுள்ள சான்ரா அனிற்றாக் குதிரைப் பந்தயத் திடலின் வரலாறு இவ்வெண்ணத்தை இருமுறை சோதனைக்கு உள்ளாக்கியுள்ளது.

பெரும் பொருளாதார மந்த காலத்தில், 1934ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று திறக்கப்பட்ட திடல் அது. பார்வையாளர் கண்ணெதிரே சான் கபிரியேல் மலைத்தொடர் நீண்டு கிடக்கும். 1935இல் நடைபெற்ற முதலாவது பெரும் பந்தயத்துக்கு 100,000 டொலர் பரிசு வைக்கப்பட்டது. வல்லமை மிக்க குதிரை கூடிய பாரம் சுமந்து ஓடவேண்டும் என்பது அப்பந்தயத்தின் விதி. மனித சமுதாயம் தன் செல்வரிடத்து விதிக்கத் தயங்கும் விதி அது. 1938இல் 130 இறாத்தல் சுமந்த சீபிஸ்கற், 100 இறாத்தல் மட்டுமே சுமந்த குதிரையிடம் மூக்களவில் தோற்றது. மறு ஆண்டு காலிற் காயமுற்று, இனி ஓடாது எனப் பலராலும் கருதப்பட்ட அக்குதிரை, 1940இல் அதே பந்தயத்தை வென்றது. தொழிலிழந்து வாடிய மக்கள் அவ்வெற்றியிலே தம் மீட்சியைக் கண்டனர். சூதாட்டம் என்ற ஒரு சொல்லால் இக்கவர்ச்சியை ஒதுக்குவோர் அதனை விளங்கிக் கொண்டவராகார்.

ஈராண்டுகளின் பின் அத்திடலில் குதிரைகள் இல்லை. பேர்ள் துறைமுகத் தாக்குதலைத் தொடர்ந்து, 1942 பெப்ரவரியில் சனாதிபதி றூஸ்வெல்ற் பிறப்பித்த ஆணையின் பேரில், மேற்குக் கரையோரத்து யப்பானிய வம்சாவளியினர் வீடுவாசல் விட்டு அகற்றப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கப் பிரசைகள். சான்ரா அனிற்றாவில் ஒரு கட்டத்தில் 18,000க்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 8,500 பேருக்குக் குதிரை இலாயங்களே உறைவிடமாயின. சுவருக்குச் சுண்ணம் பூசப்பட்டிருந்தும் சாண நாற்றம் அகலவில்லை. பந்தயம் பார்ப்பதற்கென எழுந்த மேடைப்பகுதியில் அவர்கள் இராணுவத்துக்கு உருமறைப்பு வலைகள் பின்னினர்.

இவர்கள் விலங்குகளைப்போல் நடத்தப்பட்டனரா? அதே இலாயத்தில் நின்ற குதிரைக்குத் தேர்ந்த தீனியும் வைத்தியரும் பராமரிப்பாளரும் இருந்தனர். அது பெறுமதியுடையது எனக் கருதப்பட்டதாலேயே அங்கு நின்றது. மனிதரோ ஐயத்துக்குரியவர் எனக் கருதப்பட்டு அங்கு வந்தனர். ஆகவே அநீதியின் வேரை இலாயத்தின் இழிவில் மட்டும் தேடுதல் போதாது. தம்மைப் பற்றிய முடிவில் தமக்கு இடமில்லாமற் போனமையே அதன் வேர். இவ்வாறு கொண்டால், நன்கு பேணப்பட்ட குதிரையின் நிலையும் வினாவுக்குரியதாகிவிடுகின்றது.

2018 டிசெம்பர் முதல் 2019 யூன் வரையான பந்தயப் பருவத்தில் அங்கு 30 குதிரைகள் இறந்தபோது அவ்வினா பகிரங்கமாக எழுந்தது. ஏறத்தாழ ஐந்நூறு கிலோகிராம் எடையுள்ள உடல், மெல்லிய கால்களின் மீது மணிக்கு அறுபது கிலோமீற்றர் வேகத்தில் விரைகின்றது. எலும்பு முற்றாக வளர்ச்சியடையாத இரண்டாம் வயதிலேயே பல குதிரைகள் பந்தயத்துக்கு இறக்கப்படுகின்றன. மாவட்ட வழக்குத்தொடுநர் ஆராய்ந்து, குற்றச் செயலுக்குச் சான்றில்லை என அறிவித்தார். யப்பானிய வம்சாவளியினரை அகற்றியமையும் சட்டத்துக்கு அமைவானதே என அந்நாட்டின் உயர் நீதிமன்றம் 1944இல் தீர்த்திருந்தது.

பந்தயம் இல்லையேல் இக்குதிரையினமே தோன்றியிராது என்பர் ஆதரவாளர். உண்மையே, எனினும் பிறப்பித்தவன் என்ற உரிமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அதில் விடையில்லை. ஓடுதல் அதன் இயல்பு என்பது வலுவான வாதம். கூட்டமாக ஓடும் குதிரையின் களிப்பைக் கண்டோர் அதனை மறுக்கமாட்டார். ஆனால் கால் முறிந்த பின்னரும் ஓட முனையும் குதிரைகள் உண்டு. இயல்பை இசைவென்று கொள்வதற்கு அக்காட்சி இடந்தருவதில்லை.

1988இல் அமெரிக்க அரசு தடுத்துவைக்கப்பட்டோரிடம் மன்னிப்புக் கோரி, அன்று உயிருடன் இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் வழங்கச் சட்டம் இயற்றிற்று. குதிரைகளின் பொருட்டுச் சாட்டையும் பந்தய நாள் மருந்தும் கட்டுப்படுத்தப்பட்டன. ஓட்டத்துக்கு முந்திய மிருகவைத்தியப் பரிசோதனை கடுமையாக்கப்பட்டது. இறப்புகள் பின்னர் குறைந்தன, முற்றாக நிற்கவில்லை.