ஆடுகளத்தில் ஓர் இடம்

ஒருவர் ஓர் ஆடற்குழுவைச் சேர்ந்தவர் என்று சொல்லும்போது, அவருக்கு ஆடத் தெரியும் என்பதைக் காட்டிலும், அவர் வராவிட்டால் ஆட்டம் குறைபடும் என்று மற்றவர்கள் கருதுகிறார்கள் என்பதே முதன்மை பெறுகிறது. திறமை தனியொருவருக்குச் சொந்தமாகலாம். ஆட்டத்தில் உள்ள இடமோ பிறர் காத்துவைத்துத் தருவது.

இலங்கையின் மலையகத்தில், நானுஓயா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் இதை ஆண்டுதோறும் உணர்த்தி வந்தது காமன் கூத்து. சிவனின் தவத்தைக் கலைத்த காமன் என்னும் மன்மதன் எரிக்கப்படுவதையும் அவன் மனைவி ரதியின் புலம்பலையும் ஆடிக்காட்டும் இச்சடங்குக் கூத்து, மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றுவதோடு தொடங்குகிறது. காப்புக் கட்டிக்கொண்டவர் விரதம் காக்கிறார். பகலெல்லாம் மலையில் வேலை செய்த கால்கள், இரவில் தப்பு என்னும் பறையின் அடிக்கு ஏற்ப அடவு பழகுகின்றன. பின்னர் வேடம் கட்டியோர், லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளின் வாசல்தோறும் ஆடிச் செல்ல, வீட்டார் தட்டேந்தி வரவேற்கின்றனர்.

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இத்தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவர்கள் வாழ்ந்த லயக் காம்பரா என்னும் அறையும் தோட்ட நிர்வாகத்தின் உடைமையாகவே இருந்தது. எந்தப் பத்திரத்திலும் இடம்பெறாத ஒருவர், மாசி இரவில் காமனாகவோ, கூத்தில் வரும் வீரபத்திரனாகவோ நின்றபோது, தோட்டம் முழுவதும் அவரை எதிர்பார்த்துக் காத்திருந்தது. இலங்கையும் இந்தியாவும் 1964ஆம் ஆண்டில் செய்துகொண்ட ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிவகுத்தபின், கப்பலேறிய குடும்பங்களோடு ஆட்டக்காரர்களும் தப்படிப்போரும் போயினர். அந்த இழப்பை எந்தக் கணக்கேடும் பதிந்துவைக்கவில்லை.

எனினும் இந்த ஆடுகளம் எல்லோரையும் ஒன்றுபோல நடத்தியது என்று கூறுவது நேர்மையாகாது. ரதி வேடத்தையும் ஆண்களே கட்டினர். தப்படிப்பது குறிப்பிட்ட சாதியாரின் ஊழியமாகக் கருதப்பட்டது. இசை இல்லாமல் ஆட்டமே இல்லை என்றிருந்தும் அதைத் தந்தவருக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை.

பிறப்பு ஒருவரின் இடத்தைத் தீர்மானித்த இக்களத்தோடு ஒப்பிடும்போதுதான் கல்லூரி ஆடற்குழுவின் சிறப்பு புலப்படுகிறது. அங்கே வருவோர் பிறப்பால் ஒரே ஊரார் அல்லர். தாமே விரும்பிச் சேர்ந்து, ஒத்திகையின் களைப்பில் உறவாகின்றனர். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது, மட்டக்களப்பு அண்ணாவியாரிடம், அதாவது கூத்தைப் பயிற்றும் ஆசானிடம், பட்டப்படிப்பு மாணவர் ஆட்டம் பயின்றனர். அக்குழுவில் ஆடிய சி. மௌனகுரு பிற்காலத்தில் பேராசிரியராகி, கூத்தையே தம் வாழ்நாள் ஆய்வாக்கிக்கொண்டார். படிப்பறிவு கிராமத்து ஆசானின் முன் அமர்ந்து கற்றது என்பதே அம்முயற்சியின் பெருமை.

நானுஓயா நிலையத்தில் ரயிலேறிப் பேராதனைக்குப் போகும் இன்றைய மலையக மாணவருள் சிலர், லயத்தில் பிறந்ததை வெளியே சொல்லத் தயங்குவதுண்டு. கல்லூரிக் குழுவில் புதிய ஆட்டங்களை அவர்கள் கற்கட்டும். அத்தோடு தம் தோட்டத்துக் காமன் கூத்தையும் அங்கே கொண்டுசெல்லட்டும். அங்கே ரதி வேடத்தை ஒரு பெண் கட்ட வேண்டும். தப்படிக்கும் பெரியவரை ஆசானாக அழைத்து, முதல் இருக்கையை அவருக்கே தர வேண்டும்.