அனுப்பிய விரலுக்கு விலக்கு உண்டா?



என் தகப்பனாருக்குக் காலையில் டீக்கடை பெஞ்சில் தினத்தந்தி; ராத்திரி ரேடியோவில் பி.பி.சி. தமிழோசை. அந்த வானொலி ஒலிபரப்பும் 2017 ஏப்ரலோடு நின்றுபோனது. அவர் கேட்ட செய்தியைச் சரிபார்த்து அனுப்ப ஒருவர் இருந்தார். இன்றைக்கு நம் கைப்பேசியில் வருவதைச் சரிபார்க்கிறவர் யார்? நாம்தான்!

2018-ல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியது. எனக்கும் வந்தது. 'நம்ம பிள்ளைங்களுக்காகத்தானே' என்று நாலு பேருக்கு அனுப்பிவிட்டேன். அந்த மே 9-ம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குப் போகிற வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது தாயாரை ஜனங்கள் அடித்தே கொன்றார்கள்.

"நான் அடிக்கலையே" என்று சொல்லிப் பார்த்தேன். மனசாட்சி விடவில்லை. பொய் என்று எனக்குத் தெரியாது, வாஸ்தவம்தான். ஆனால் மெய்யா என்று நான் கேட்கவும் இல்லையே! பொய்ச்சாட்சி கோர்ட்டுக் கூண்டில் மட்டும்தான் சொல்லப்படுகிறதா?

அதே ஆண்டு ஜூலையில், ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்த நிறுவனம் இந்தியாவில் வரம்பு வைத்தது. ஐந்தும் பொய்யானால்?

ஆகையால் விரல் முந்த வேண்டாம். யார் சொன்னது? எங்கே, எப்போது நடந்தது? கண்டவர் உண்டா? விடை இல்லையென்றால் அது உங்களோடே நிற்கட்டும். நாளைக் காலைப் பேப்பர் வரைக்கும் பொறுத்தால் குடிமுழுகிப் போகாது. ஒருவேளை, ஒரு உயிர் தப்பும்.