பேணுதலும் விட்டுவிடுதலும்

ஓர் உயிரைப் பேணுகிறவரின் அக்கறை எந்த இடத்தில் அவ்வுயிருக்கே தீங்காக மாறுகிறது என்னும் கேள்வியைப் பண்டைச் சீனச் சிந்தனையாளர்கள் பயிரையும் மரத்தையும் பறவையையும் முன்வைத்து ஆராய்ந்தனர். அக்கேள்வி அறிஞர்களின் படிப்பறைக்குள்ளேயே எழுவதற்கு இடம் தந்தது, சீனர் ‘லான்’ என்று அழைக்கும் தரைவாழ் ஆர்க்கிட் ஆகும். சிம்பிடியம் என்னும் பேரினத்தைச் சேர்ந்த இச்செடிகள், மரக்கிளைகளைப் பற்றி வளரும் ஆர்க்கிட்களைப் போலன்றி, மலைக்காட்டின் இலைமக்கில் வேரூன்றி வாழ்பவை. காண்பாரில்லாத இடத்திலும் மணம் குன்றாமல் பூப்பதால் லான் சான்றோரின் குணத்துக்கு அடையாளமாகப் போற்றப்பட்டது. தென் சோங் அரச காலத்தில், 1233-இல், ஜாவ் ஷிகெங் என்பவர் இதன் வகைகளையும் வளர்ப்பு முறையையும் பற்றித் தனிநூலே எழுதினார்.

தொட்டியில் வளரும் லான் வாடத் தொடங்கும்போது அது வளர்ப்பவரை ஏமாற்றும் விதம் இக்கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. இதன் தடித்த வேர்களை ‘வெலமென்’ எனப்படும் உறை, அதாவது நீரை விரைந்து உறிஞ்சிக்கொள்ளும் இறந்த உயிரணுக்களின் அடுக்கு, சூழ்ந்திருக்கிறது. தொட்டிக் கலவை நாளடைவில் மக்கி இறுகி, காற்றோட்டம் குறைந்து ஈரம் தேங்குமானால் வேர்கள் அழுகிவிடுகின்றன. அழுகிய வேர் நீரை எடுக்க இயலாததால், இலைகள் துவள்வதும், நீரையும் சத்தையும் சேமித்து வைக்கும் ‘போலிக்குமிழ்’ என்னும் பருத்த அடித்தண்டு சுருங்குவதும் நிகழ்கின்றன. நீரின்றித் தவிக்கும் செடிக்கும் இவையே அறிகுறிகள் என்பதால், இரக்கமுள்ளவர் மேலும் நீர் ஊற்றுகிறார். அந்நீரே எஞ்சிய வேர்களையும் அழிக்கிறது. இங்கே குறைபட்டது அன்பு அன்று, அன்பு யாருடைய தேவையைப் பின்பற்றுகிறது என்னும் தெளிவே ஆகும்.

இத்தெளிவின்மையைச் சுவாங்சு என்னும் தாவோயிய நூல் ஒரு கடற்பறவையின் கதையால் விளக்குகிறது. தன் நாட்டுக்கு வந்து இறங்கிய பறவையை லூ நாட்டு மன்னர் கோயிலில் வைத்து, மதுவும் இறைச்சியும் படைத்து, அரசவை இசையும் கேட்கச் செய்தார். மிரண்டுபோன பறவை எதையும் உண்ணாமல் மூன்றே நாளில் இறந்தது. தன்னைப் பேணும் முறையால் பறவையைப் பேணியதே மன்னரின் பிழை என்பது அந்நூலின் முடிவு. கூரிங்கியை என்னும் சிம்பிடிய இனத்தை ஆண்டு முழுவதும் கதகதப்பான அறையில் வைத்திருப்பவரும் இப்பிழையையே செய்கிறார். அச்செடி நன்கு பூப்பதற்குக் குளிர்காலக் குளிர் தேவைப்படுகிறது, அறையின் கதகதப்போ மனிதருக்கு மட்டுமே இதமானது.

அவ்வாறாயின் எதிலும் தலையிடாமல் விட்டுவிடுவதே அறம் என்று முடிவுகட்டத் தோன்றும். ‘வூ வெய்’ என்னும் தாவோயியக் கருத்து, பொருள்களின் இயல்புக்கு மாறாக வலிந்து செயற்படாமை என்று பொருள்படுவது, சில வேளைகளில் இவ்வாறே புரிந்துகொள்ளப்படுகிறது. ஆனால் தொட்டி காடு அன்று. காட்டில் மழையும், சரிவான நிலத்தின் வடிகாலும், ஆண்டுதோறும் உதிரும் இலைகளும், மண்ணில் வாழும் பூஞ்சைகளும் செய்த பணிகளை, செடியை அங்கிருந்து எடுத்த கை ஏற்றுக்கொண்டாக வேண்டும். இச்சார்பு மிக ஆழமானது. ஆர்க்கிட் விதையில் முளைக்குத் தேவையான உணவுச்சேமிப்பு இல்லாததால் அது பூஞ்சையின் துணையோடுதான் முளைக்கிறது என்பதைப் பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயெல் பெர்னார் 1899-இல் கண்டறிந்தார். மண்ணை இழந்த உயிரின் நிலையை ஓவியத்தில் வடித்தவர் ஜெங் சிசியாவ். சோங் அரசு மங்கோலியரிடம் வீழ்ந்த பின் அவர் லானை நிலமின்றியே வரைந்தார் என்பர். 1306-ஆம் ஆண்டைச் சேர்ந்த அவரது மை ஓவியம் ஒன்று இன்று ஜப்பானின் ஒசாகா நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. நிலத்தினின்று பிரிக்கப்பட்ட ஒன்றை அதன் இயல்புப்படி விட்டுவிடுவதாகச் சொல்வது, பிரித்தவர் தம் கடனை மறுப்பதே ஆகும்.

இவ்விரு எல்லைகளையும் ஒருங்கே கண்டவர் கன்பூசியச் சிந்தனையாளர் மென்சியஸ். நாற்று விரைந்து வளர வேண்டுமென்று ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுப் பயிரைக் காயச் செய்த பண்டைச் சோங் நாட்டு உழவனின் கதையைச் சொல்லும் அவர், பயன் இல்லையென்று களையெடுக்காமல் விடுபவனையும் அதே இடத்தில் கண்டிக்கிறார். உள்ளம் மறவாதிருத்தல், கை வலிந்து வளர்க்காதிருத்தல் என்னும் இரண்டும் அவருக்கு ஒரே ஒழுக்கத்தின் பகுதிகள். இவ்விரண்டையும் காலவரிசையில் அமைத்துக் காட்டியவர் தாங் காலத்து எழுத்தாளர் லியூ சோங்யுவான் (773–819). அவர் எழுத்தில் படைத்த கூனரான குவோ என்னும் மரம் நடுபவர், நடும்போது வேரை விரித்து, பழைய மண்ணைச் சேர்த்து, பிள்ளையைப் பேணுவதுபோல் முழுக் கவனம் செலுத்துகிறார். நட்டபின் கைவிட்டவர்போல் விலகிக்கொள்கிறார். மற்றவர்களோ உயிர் உள்ளதா என்று பட்டையைக் கீறியும், வேர் பிடித்ததா என்று அசைத்தும் பார்த்தே மரத்தைக் கெடுக்கின்றனர். ஓயாத ஆணைகளால் குடிகளை அலைக்கழிக்கும் அதிகாரிகளுக்கு எழுதப்பட்ட அறிவுரை இது.

நலிந்த லானைத் தொட்டி மாற்றும் முறையும் இவ்வரிசையிலேயே அமைகிறது. முதலில் செடியை முழுமையாக வெளியே எடுத்து, உள்ளீடற்றுப் பழுப்பேறிய வேர்களைத் தயங்காமல் வெட்டி, உறுதியான வெள்ளை வேர்களை மட்டும் நிறுத்தி, நீர் எளிதில் வடியும் புதுக்கலவையில் நட வேண்டும். போலிக்குமிழ்களைத் தனித்தனியே பிரிக்காமல் சிலவற்றைக் கூட்டாகவே விடுவது செடியின் சேமிப்பைக் காக்கும். அதன்பின் வெட்டுவாய் ஆறும்வரை நீரைக் குறைத்து, நிழலில் வைத்து, புது வேர் வருகிறதா என்று கிளறிப் பார்க்கும் ஆவலை அடக்க வேண்டும். வெட்டத் தயங்குவதும் கிளறத் துடிப்பதும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும், இரண்டிலும் ஆணையிடுவது வளர்ப்பவரின் அச்சமே.

ஆகவே அக்கறையை அளக்க வேண்டியது செயலின் மிகுதியாலோ குறைவாலோ அன்று. செயலும் ஓய்வும் யாருடைய தேவையால் நிர்ணயிக்கப்படுகின்றன என்பதால்தான். உரிய செயலை முடித்தவருக்கும் பயன் உறுதியில்லை, ஏனெனில் புது வேரை விடுவது செடியின் வேலை; அது விடாமலே போகலாம் என்பதை ஏற்றுக்கொண்டும் நாள்தோறும் கவனித்திருப்பவரிடமே, விட்டுவிடுதல் புறக்கணிப்பினின்று வேறுபட்டு நிற்கிறது.