புது வெர்ஷன் எப்போ?

திறமூல மென்பொருள் உலகில் தினமும் யாராவது ஒருவர் யாரிடமாவது கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது: "அடுத்த ரிலீஸ் எப்போ?" சில நேரம் ஆர்வத்தில் கேட்பார்கள். சில நேரம் வாடகை பாக்கி கேட்கிற குரலில். பெரும்பாலும் கேட்பவர் காசு கொடுத்திருக்க மாட்டார், ஒரு வரி நிரல்கூட எழுதியிருக்க மாட்டார். ஆனாலும் கேட்கத் தனக்குப் பாத்தியதை உண்டு என்று அவர் நம்புவது தொனியிலேயே தெரிந்துவிடும். அது எங்கிருந்து வருகிறது? சும்மா கொடுத்தவனிடம் போய் 'இன்னும் கொடு, சீக்கிரம் கொடு' என்று கேட்க நாம் யார்?

பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறது, தெரியும். ஆனால் 2024 மார்ச் மாதம் உலகத்து லினக்ஸ் சர்வர்களில் ஏராளமானவற்றின் சாவி யாரோ ஒருவர் கைக்குப் போகவிருந்தது. அந்தச் சாவியைச் செய்யப் பயன்பட்ட கருவிகளில் ஒன்று இந்தக் கேள்விதான்.

கதை தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்-இஸட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு மென்பொருள். நீங்கள் லினக்ஸ் பக்கமே போனதில்லை என்றாலும், நீங்கள் தினமும் திறக்கும் ஏதோவொரு இணையதளத்தின் சர்வரில் அது இருக்கும். அதை எழுதிப் பராமரித்து வந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே கோலின். அதன் மையமான நூலகத்துக்கு அவர் பதிப்புரிமைகூடக் கோரவில்லை. எடுத்து என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று பொதுவில் விட்டுவிட்டார். 5.2 என்ற பெரிய பதிப்பு 2014 டிசம்பரில் வந்தது. அடுத்த பெரிய பதிப்பான 5.4 வந்தது 2022 டிசம்பரில். நடுவில் சின்னச் சின்னத் திருத்தங்கள் வந்தன, அவ்வளவுதான். கோப்பைச் சுருக்கும் ஒரு மென்பொருளில் எட்டு வருஷம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்றால் அது நல்ல சகுனம் என்பது என் கட்சி. ஒழுங்காகத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை யாரும் வருஷா வருஷம் பிரித்து மாட்டுவதில்லை.

2022 கோடையில் அவருக்கு மின்னஞ்சல்கள் வர ஆரம்பித்தன. பேட்ச் அனுப்பியவர்கள் காத்துக்கிடக்கிறார்கள், புதிய வெளியீடு ஏன் இத்தனை தாமதம், உங்களுக்கு ஆர்வம் போய்விட்டதா, வேறொருவரிடம் ஒப்படைக்கலாமே. எழுதியவர்களில் ஒருவரின் பெயர் ஜிகர் குமார். எந்த ஊர் ஐடி ஆபீஸிலும் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடிய பெயர். கோலின் பொறுமையாகப் பதில் எழுதினார்: ஆர்வம் போகவில்லை, ஆனால் நீண்ட நாளாக மனநலம் சார்ந்த சிக்கல்கள் இருக்கின்றன, முன்போல் முடியவில்லை, தவிர இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்கு வந்த பதில், 'உங்கள் உடல்நிலைக்கு வருந்துகிறோம், ஆனால்...' என்கிற ரகம். அந்த 'ஆனால்' நம் எல்லோருக்கும் பழக்கமானது.

கூடவே ஓர் உதவிக்கரமும் இருந்தது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 கடைசியிலிருந்தே பேட்ச் அனுப்பிக்கொண்டிருந்தார். நல்ல பேட்ச்கள். பொறுமையானவர், சண்டைக்குப் போகாதவர், சொன்னதைத் திருத்திக் கொடுப்பவர். களைத்துப்போன ஒரு பராமரிப்பாளர் கனவு காணும் ஆள். கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 2023இல் பதிப்புகளை வெளியிடுபவராகவே ஆகிவிட்டார். 2024 பிப்ரவரியில் வெளியிட்ட 5.6.0இல், சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் ஒரு கள்ளக்கதவை ஒளித்து வைத்தார். அதை உயிர்ப்பிக்கும் சிறு ஸ்கிரிப்ட், எல்லோரும் பார்க்கக்கூடிய பொது நிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டிய பொட்டலத்தில் மட்டும் இருந்தது. ரிலீஸ் ரிலீஸ் என்று கேட்டார்கள் அல்லவா, விஷம் சரியாக அந்த ரிலீஸில்தான் இருந்தது. பிறகு டெபியன், ஃபெடோரா, உபுண்டு ஆட்களிடம் 'புதிய பதிப்பு அருமையாக இருக்கிறது, சீக்கிரம் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று ஜியா டான் பெயரிலும் வேறு பெயர்களிலும் நச்சரிப்பு தொடர்ந்தது.

பிடிபட்டது தற்செயலாக. மைக்ரோசாஃப்டில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள வேலை பார்க்கும் ஆண்ட்ரேஸ் ஃப்ராய்ன்ட், எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய 0.299 நொடி எடுத்த இடத்தில் 0.807 நொடி ஆவதைக் கவனித்தார். அரை நொடி. வேறு யாராக இருந்தாலும் 'நெட் ஸ்லோ' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். அவர் தோண்டினார். 2024 மார்ச் 29, புனித வெள்ளியன்று உலகத்துக்கு அறிவித்தார். பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் ஓடும் நிலையான பதிப்புகளுக்குள் அது நுழைவதற்கு முன்பே கதவு அடைக்கப்பட்டது. ஜியா டான் யார் என்பது இன்றுவரை வெளியே வரவில்லை. நச்சரித்த பெயர்கள் பெரும்பாலும் ஒரே கை ஆட்டிய பொம்மைகள் என்று கருதப்படுகிறது.

திங்கட்கிழமை காலை எங்கள் ஆபீஸிலும் மீட்டிங். "நம்ம சர்வர்ல 5.6 இருக்கா?" என்று கேட்டார்கள். தேடினோம். இல்லை. ஏழு நிமிஷத்தில் மீட்டிங் முடிந்தது. எல்லா ஆபீஸிலும் அப்படித்தான் நடந்திருக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் அந்த 2022 மின்னஞ்சல்கள் மனதை விட்டுப் போகவில்லை. உட்கார்ந்து முழுவதும் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்தியது. அவை கொஞ்சமும் வித்தியாசமாக இல்லை. எந்தத் திறமூலத் திட்டத்தின் பழைய கடிதங்களைப் புரட்டினாலும் இதே வாக்கியங்கள், இதே அலுப்பு, இதே 'ஆனால்' கிடைக்கும், அவற்றை எழுதியவர்கள் நிஜ மனிதர்கள். உளவாளி வேஷம் கட்டிக்கொண்டு வரும்போது கூட்டத்தில் கலக்க வசதியான வேஷத்தைத்தான் தேர்ந்தெடுப்பான். இந்த உளவாளி தேர்ந்தெடுத்த வேஷம், நன்றி கெட்ட பயனர். நாம் அவ்வளவு பேர் இருந்தோம்.

நம்மிடம் கொடுக்கலுக்கு இரண்டு வகைகள் இருக்கின்றன. ஒன்று மொய். கல்யாணத்தில் ஐந்நூற்றியொன்று வைத்தால் நோட்டில் பெயரோடு ஏறும். நம் வீட்டு விசேஷத்துக்கு அது திரும்பி வரவேண்டும். வராவிட்டால் உறவு முறியும். மொய் என்பது அன்பளிப்பின் சட்டை போட்ட கடன். இன்னொன்று சித்திரை வெயிலில் ரோட்டோரம் வைக்கிற தண்ணீர்ப் பந்தல். யார் வந்தார், எத்தனை டம்ளர் குடித்தார் என்று நோட்டு கிடையாது. குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போகலாம். குற்றவுணர்ச்சியே தேவையில்லை. திறமூலம் இந்த இரண்டாவது வகை. உரிமத்தைப் படித்தால் தெரியும்: எடுத்துக்கொள், மாற்றிக்கொள், விற்றும் கொள், எந்த உத்தரவாதமும் கிடையாது. பெரிய எழுத்துகளில் அச்சிட்டு, யாரும் படிக்காமல் விட்ட பத்தி அது.

இப்போது பந்தலுக்கு ஒருவர் டேங்கர் லாரி கொண்டுவருகிறார். ரொப்பிக்கொண்டு போய் விற்கிறார். உரிமப்படி அதுவும் சரிதான், வைத்தவர் தடுக்கவில்லை. மறுநாள் பானை காலியாக இருக்கிறது. லாரிக்காரர் இறங்கி வந்து, "தண்ணி இல்லாம என்னய்யா பந்தல் நடத்துற?" என்கிறார். மிகைப்படுத்தவில்லை. 2022 ஜனவரியில் கர்ல் மென்பொருளை எழுதிய டேனியல் ஸ்டென்பெர்க்குக்கு ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. லாக்-ஃபார்-ஜே ஓட்டை பற்றி எல்லோரும் பதறிக்கொண்டிருந்த நேரம். உங்கள் தயாரிப்பில் அது இருக்கிறதா, எப்போது சரிசெய்வீர்கள், 24 மணி நேரத்துக்குள் பதில் தரவும். கர்ல் சி மொழியில் எழுதப்பட்டது. ஜாவாவுக்கான லாக்-ஃபார்-ஜேவுக்கும் அதற்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. அவர்களுக்கும் ஸ்டென்பெர்க்குக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் சந்தோஷமாகப் பதில் சொல்கிறேன் என்று அவர் எழுதினார். இதைவிட மரியாதையாக ஒரு கதவைச் சாத்த முடியாது.

அனுமதி வேறு, பாத்தியதை வேறு. எடுத்துக்கொள்ள எனக்கு அனுமதி இருக்கிறது என்பதிலிருந்து, கொடுத்துக்கொண்டே இருக்க அவருக்குக் கடமை இருக்கிறது என்பதற்குத் தர்க்கத்தில் வழியில்லை. பழக்கத்தில்தான் வழி இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிப் பழகிய கை எதைத் தொட்டாலும் வாடிக்கையாளர் கையாகிவிடுகிறது.

இதை ஒரு நண்பனிடம் சொன்னபோது அவன் விடவில்லை. "பந்தல் இருக்குன்னு நம்பித்தானே ஜனங்க பாட்டில் எடுக்காம வர்றாங்க? நம்ப வெச்சுட்டு நடுவுல விடறது சரியா?" என்றான். நல்ல கேள்வி. லெஃப்ட்-பேட் கதை அதுதான். 2016 மார்ச்சில் ஒரு நிரலாளர், என்பிஎம் நிறுவனத்தோடு ஏற்பட்ட தகராறில், தான் போட்டிருந்த பொட்டலங்களை எல்லாம் அழித்துவிட்டார். அதில் ஒன்று வெறும் 11 வரி. அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள் அப்படியே நின்றன. என்பிஎம் அந்த 11 வரியை அவரைக் கேட்காமலே திரும்ப வைத்தது. 2022 ஜனவரியில் வேறொருவர் இன்னும் ஒரு படி போனார். பெரிய நிறுவனங்கள் தன் உழைப்பை ஓசியில் தின்கின்றன என்ற கோபத்தில், தன் பிரபலமான நூலகத்தின் புதிய பதிப்பில் முடிவில்லாமல் சுற்றும் ஒரு லூப்பைச் செருகி வெளியிட்டார்.

என் தீர்ப்பு இந்த இரண்டு பேருக்கும் வேறு வேறு. பந்தலைப் பிரித்துக்கொண்டு போனவரிடம் எனக்கு வருத்தம் உண்டு, வழக்கு இல்லை. முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்பேன், அதற்கு மேல் கேட்க வாயில்லை. பானையில் உப்பைக் கொட்டியவர் கோபம் நியாயமாகவே இருந்தாலும் செய்தது தப்பு. லாரிக்காரருக்கு வைத்த உப்பைத்தான் நடந்து வந்தவரும் குடிக்கிறார். கொடுக்க வேண்டும் என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. கொடுப்பதில் நஞ்சு கலக்காதே என்று கட்டாயப்படுத்தலாம். ஜியா டான் உடைத்தது இந்தக் குறைந்தபட்சத்தைத்தான்.

காசு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. பாதி உண்மை. 2014இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோது, இணையத்தின் பெரும்பகுதியைப் பூட்டி வைத்திருந்த ஓபன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு வருஷ நன்கொடை சுமார் 2000 டாலர் என்று தெரிந்து எல்லோரும் வெட்கப்பட்டார்கள். பிறகு பணம் வந்தது, நிலைமை மாறவும் செய்தது. ஆனால் 2022 ஜூனில் கோலினுக்கு முதலில் தேவைப்பட்டது காசோலை இல்லை என்றே நினைக்கிறேன். 'அவசரமில்லை, உடம்பைப் பாருங்க' என்று முன்பின் தெரியாத நாலு பேர் எழுதியிருந்தால், அந்த நெருக்கடி நெருக்கடியாகவே உருவாகியிருக்காது. உதவிக்கு வந்தவரிடம் சாவியைக் கொடுக்கும் அவசரமும் இருந்திருக்காது. ஒருவேளை அப்போதும் ஏமாந்திருக்கலாம். எதிரி இரண்டு வருஷம் காத்திருக்கத் தயாராக இருந்தவன்.

அந்த இரண்டு வருஷம்தான் எனக்கு இன்னும் பிடிபடாத இடம். ஜியா டான் அனுப்பிய நல்ல பேட்ச்களை என்ன செய்வது? அவை நிஜமான பிழைகளை நிஜமாகவே திருத்தின. காண்ட் ஒரு கடைக்காரனைப் பற்றி எழுதியிருக்கிறார்: குழந்தை வந்து கேட்டாலும் சரியான விலைதான் சொல்வான், ஆனால் வியாபாரம் கெடக்கூடாது என்பதற்காக. அந்த நேர்மைக்கு அறத்தின் மதிப்பு இல்லை என்பார். ஜியா டான் அந்தக் கடைக்காரனையும் தாண்டியவர். நேர்மையே அவர் திருடப் பயன்படுத்திய ஏணி. ஆனால் நிரலுக்கு நோக்கம் தெரியாது. பிழை திருந்தினால் திருந்தியதுதான். அந்த வரிகளை யார் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருக்க வேண்டும்.

இதனால்தான் எனக்குப் பயமும். எக்ஸ்-இஸட்டுக்குப் பிறகு, பங்களிக்க வருகிறவரின் அடையாளத்தைச் சோதிக்க வேண்டும், புனைபெயர்களை நம்பக்கூடாது என்ற பேச்சு நிறைய எழுந்தது. நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் மூன்றாம் வருஷம் பொறியியல் படிக்கும்போது, ஹாஸ்டலிலிருந்து, அர்த்தமில்லாத ஒரு புனைபெயரில், உடைந்த ஆங்கிலத்தில் என் முதல் பேட்சை அனுப்பினேன். கண்டம் தாண்டி யாரோ ஒருவர் அதைப் படித்து, இரண்டு இடத்தைத் திருத்தச் சொல்லி, சேர்த்துக்கொண்டார். எந்தக் காலேஜ், எவ்வளவு பர்சன்டேஜ், எந்த நாடு என்று ஒன்றும் கேட்கவில்லை. அதுவரை என்னிடம் அதையெல்லாம் கேட்காத ஓர் இடத்தை நான் பார்த்ததில்லை. ஜியா டான் நுழைந்ததும் அதே வாசலில்தான். அதை அடைத்தால் அவரைப் போன்றவர்கள் போலிப் பாஸ்போர்ட்டோடு வேறு வழியில் வருவார்கள். ஹாஸ்டல் பையன்கள்தான் வெளியே நிற்பார்கள். அதற்குப் பதில் வெளியீட்டுப் பொட்டலமும் பொதுக் களஞ்சியமும் ஒன்றுதானா என்று இயந்திரத்தை வைத்துச் சரிபார்க்கலாம், சோதனைக் கோப்புகளைச் சந்தேகிக்கலாம். ஆளைச் சந்தேகிப்பதைவிடக் கோப்பைச் சந்தேகிப்பது கௌரவமானது, பலனும் அதிகம்.

விஷயம் வெடித்தபோது கோலின் விடுப்பில் இருந்தார். திரும்பி வந்து, தன் வீட்டில் இத்தனை நாள் தங்கியிருந்தவர் எதையெல்லாம் தொட்டார் என்று பார்க்க உட்கார்ந்தார். கள்ளக்கதவை நீக்கிய 5.6.2, 2024 மே 29 அன்று வந்தது. 2025 மார்ச்சில் 5.8.0. வேலையை அவர் விடவில்லை. விட்டிருந்தாலும் கேட்க யாருக்கும் வாயில்லை.

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் போன மாதம் தன் முதல் பேட்சை ஒரு சின்னத் திட்டத்துக்கு அனுப்பினாள். சொந்தப் பெயர் போடணுமா என்று கேட்டாள். உன் இஷ்டம் என்றேன். மூன்று வாரமாகப் பதில் இல்லை. நேற்று வந்து, "ஒரு ரிமைண்டர் போடட்டுமா அண்ணா?" என்றாள்.

"போடு. அவர் எப்படி இருக்கார்னு முதல்ல கேளு."